மஞ்சள் அம்பு அந்தக் கரையில்

— மறுபடியும் கை காட்டுறாங்க பாருங்க மாப்பிள்ளை. அந்தக் கரையில நடந்து போறவங்களுக்கெல்லாம் நம்மளைக் கண்டா என்னமோ ஒரு சந்தோஷம்.

— ஆமா மாமா. இவரு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி குறுக்க குறுக்க ஆட்டுறாரு.

— பாசம் மாப்பிள்ளை, பாசம். காட்டுக்குள்ள மனுஷனைப் பாத்தா மனுஷனுக்கு வர்ற பாசம்.

— பக்கத்துல நிக்கிற அம்மா நம்மளைக் காட்டிக் காட்டித் தலையில அடிச்சுக்கிறாங்க.

— கொசுவா இருக்கும். பதிலுக்கு நாமளும் காட்டுவோம். நல்லா காட்டுங்க. ஊரு பல்லையெல்லாம் பிடுங்குற கை, தூக்கறதுக்கு என்ன கஷ்டம்?

— ஒரு கைதான் மாமா தூக்க முடியும். இன்னொரு கையில உங்க பையில மாட்டின முள்ளுக் கிளையைப் பிடிச்சிருக்கேன். விட்டா உங்க முதுகுல அறையும்.

— விட்டுடாதீங்க. மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும். என்ன நான் சொல்றது?

— பரவாயில்ல மாமா. அந்தப் பக்கம் பாதை கொஞ்சம் அகலமா இருக்கிற மாதிரி தெரியுது.

— அப்படியா?

— சும்மா கண்ணுல பட்டுச்சு, சொன்னேன். பாறையில எல்லாம் மஞ்சள் அம்பு போட்டிருக்காங்க. உட்கார பெஞ்சுகூட ஒண்ணு இருக்கு.

— இக்கரைக்கு அக்கரை பச்சை மாப்பிள்ளை.

— இங்க ரெண்டு கரையும் பச்சைதான் மாமா. அங்க பாதை இருக்கு, இங்க முள்ளு இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

— அப்ப நாம தப்பான கரையில வர்றோம்னு சொல்றீங்க.

— ஐயோ, நான் அப்படிச் சொல்லுவேனா? நீங்க முன்னாடி போறீங்க, நான் பின்னாடி வர்றேன். உங்களுக்குத் தெரியாததா?

— எனக்கு என்ன தெரியும்? வாழ்நாள் பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்ணவன். மேல தெரியும், கீழ தெரியும். இப்படிப் பக்கவாட்டுல போறது எனக்கே புதுசு.

— அதை மரப்பாலத்துக்கிட்டயே சொல்லியிருக்கலாம் மாமா.

— நீங்க கேக்கலையே. "நீங்க முன்னாடி போங்க மாமா, நீங்க முன்னாடி போங்க மாமா"ன்னு அவ்வளவு நேரம் உபசாரம் பண்ணீங்க. சரி, ஆசையாக் கூப்பிடுறாரேன்னு நடந்தேன்.

— நடந்தீங்க. பாலத்து மேல ஏறாம.

— ஏதாச்சும் சொன்னீங்களா?

— ஒண்ணும் இல்ல மாமா. காலைப் பாத்து வைங்க, பாசி வழுக்குது.

— இந்தப் புது ஷூ வேற. கடைக்காரன் சொன்னான், போடப் போட காலுக்குப் பழகிடும்னு. காலு பழகிடுச்சு. ஷூதான் பழகலை. உங்க குதிகால் எப்படி இருக்கு?

— கொப்புளம் உடைஞ்சு, அதுக்கு மேல ஒரு கொப்புளம் வந்திருக்கு. பரவாயில்ல.

— அதான, உங்களுக்கு எதுதான் பரவாயிருக்கு? கரடி வந்து காலைக் கவ்வினாக்கூட, "பரவாயில்லங்க, இன்னொரு காலும் இருக்கு"ன்னு நீட்டுவீங்க.

— மாமா, ஒண்ணு கேக்கலாமா?

— தாராளமா.

— படகுத்துறை எந்தக் கரையில இருக்கு?

— தண்ணி ஓரமா இருக்கு.

— எந்தப் பக்கத்துத் தண்ணி ஓரம்?

— துறைன்னா ஆத்துக்குத்தான் சொந்தம் மாப்பிள்ளை. கரை பிரிச்சுப் பேசுறது அவ்வளவு நல்லா இல்ல.

— நாளைக்கு மத்தியானம் அவ அங்க வந்து நிக்கும்போது நாம எதிர்க்கரையில நின்னு கை காட்டிக்கிட்டு இருந்தா நல்லா இருக்காதேன்னு கேட்டேன்.

— படகுக்காரன் இருப்பான். கூவினா வருவான்.

— நிச்சயமா வர்றேன்னு சொன்னாளா மாமா?

— யாரு, படகுக்காரனா?

— உங்க பொண்ணு.

— அதோ பாருங்க, மீன்கொத்தி. என்ன நீலம் பாத்தீங்களா? உங்க கிளினிக் வெயிட்டிங் ரூம் திரைச்சீலை கலர்.

— அந்தத் திரைச்சீலை பச்சை மாமா.

— அப்ப இது வேற பறவை. நடங்க, நடங்க. வெளிச்சம் போறதுக்குள்ள இடம் பாக்கணும்.

*

— எப்படி இருக்கு?

— என்ன மாமா அது?

— டென்ட்.

— ஓ. டென்ட்டா? நல்லா உயரமா இருக்கு. அகலம்தான் கொஞ்சம் குறைச்சல். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நின்னுக்கிட்டே தூங்கலாம். அவசரத்துக்கு மேல் மாடிக்குக்கூடப் போயிடலாம்.

— ஒரு கம்பி மிச்சம் இருக்கு மாப்பிள்ளை. எங்க போறதுன்னு தெரியல.

— மூணு கம்பி மிச்சம் இருக்கு. ரெண்டு மேல நீங்க உட்கார்ந்திருக்கீங்க.

— அதான் குத்துச்சு. கட்டுறதுக்குக் கயிறும் பத்தலை.

— இருங்க, என் பையில பல் இடுக்கு நூல் இருக்கு. நாலு இழை முறுக்கினா மாடு கட்டலாம்.

— காட்டுக்கு வரும்போது பல் நூல் எடுத்துட்டு வந்த ஒரே ஆளு நீங்கதான்.

— காட்டுக்கு இரும்புத் தோசைக்கல்லும் மடக்கு நாற்காலியும் எடுத்துட்டு வந்த ஆளும் ஒருத்தர்தான் மாமா. அந்த நாற்காலியை முதுகுல சுமந்துட்டு வர்றது நானு.

— ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? எல்லாத்தையும் அளந்துதான் எடுத்து வச்சேன்.

— ஆத்துக்குன்னு இத்தனை பழமொழி வச்சிருக்கீங்க மாமா. கூடவே ஒரு வரைபடம் வச்சிருக்கலாம்.

— அப்படிப் போடுங்க. பசியில கொஞ்சம் காரம் வருது உங்களுக்கு. இந்தாங்க, நூடுல்ஸ்.

— இது நூடுல்ஸா?

— அடி கொஞ்சம் பிடிச்சிடுச்சு.

— அடி மட்டும்தான் மாமா இருக்கு. மத்ததெல்லாம் எங்க?

— நல்லா இல்லைன்னா சொல்லிடுங்க. மூடி மறைக்காதீங்க.

— அருமை மாமா. பல்லுக்கு நல்ல பயிற்சி. என் பேஷன்ட் எல்லாருக்கும் இதை எழுதிக் கொடுக்கலாம், எனக்கு வேலை குறையாது.

— நல்லா இல்லைன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்திடுமா? பாப்பா சொன்னது சரியாத்தான் இருக்கு.

— என்ன சொன்னா?

— வேண்டாம், விடுங்க.

— பரவாயில்ல, சொல்லுங்க மாமா. நான் போன் பண்ணாத்தான் எடுக்கிறதில்ல. உங்க வழியாவாவது தெரிஞ்சுக்கிறேன்.

— "எனக்கு நடந்தது கல்யாணமா, வெயிட்டிங் ரூமான்னு தெரியலப்பா"ன்னா. "அவரு ரொம்ப நல்லவரு. உள்ளே வான்னும் சொல்ல மாட்டாரு, வெளிய போன்னும் சொல்ல மாட்டாரு. பழைய பத்திரிகையைப் புரட்டிக்கிட்டு நானே உட்கார்ந்திருக்கணும்"ன்னா.

— பத்திரிகையெல்லாம் மாசாமாசம் மாத்துறோம் மாமா.

— இதையும் சேத்துச் சொல்றேன் அவகிட்ட.

— நான் என்ன தப்பு பண்ணேன்? சாயங்காலம் வந்து, "வேற ஊர்ல ஒரு பெரிய நீச்சல் குளம், தலைமைப் பயிற்சியாளரா கூப்பிடுறாங்க, போகட்டுமா"ன்னு கேட்டா. நான் கை கழுவிட்டு வந்து, "உன் இஷ்டம்மா"ன்னேன். எவ்வளவு பேரு வீட்டுல இந்த சுதந்திரம் இருக்கு?

— கை கழுவிட்டு சொன்னீங்களா? பொருத்தமாத்தான் சொல்லியிருக்கீங்க.

— மாமா.

— கோவிச்சுக்காதீங்க. அவ என்ன கேட்டான்னு உங்களுக்குத் தெரியலையா? போகாதன்னு சொல்லியிருக்கணும். இல்ல, போலாம் வா நானும் வர்றேன்னு சொல்லியிருக்கணும். ரெண்டுல ஒண்ணு. நீங்க ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நின்னீங்க. அவ பெட்டியைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டா.

— யோசிக்கத்தானே வந்தா. போறதா, வர்றதான்னு.

— யோசிக்கத்தான் வந்தா.

— அதுக்குத்தானே நானும் வந்திருக்கேன். இந்த ஆத்தோரமா வருஷா வருஷம் அவ நடப்பா. ஒரு தடவையாச்சும் வாங்கன்னு கூப்பிட்டுப் பாத்துட்டு விட்டுட்டா. நீங்க வந்து, "ரெண்டு நாள் என்கூட நடந்து வாங்க, பாப்பா துறையில வந்து முடிவைச் சொல்லுவா"ன்னு சொன்னதும், அன்னைக்கே கிளினிக்கைப் பூட்டிட்டேன். வேர் சிகிச்சைக்குப் பாதி தோண்டின பல்லை அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன் மாமா.

— அந்த ஆளு நிலைமை?

— தற்காலிகமா அடைச்சிருக்கு. அவரு பரவாயில்லன்னாரு.

— உங்களுக்கேத்த பேஷன்ட். சரி, உள்ள போய்ப் படுங்க. டென்ட் விழுந்தா எந்தப் பக்கம் விழும்னு நினைக்கிறீங்க?

— உங்க இஷ்டம் மாமா.

*

— இங்கதான் ஆறு அகலமா ஓடுது. அகலமா இருந்தா ஆழம் இருக்காது. சாதாரண கணக்கு. நான் முன்னாடி இறங்கறேன், நீங்க என் பையைப் பிடிச்சுக்கிட்டே வாங்க. அந்தக் கரைக்குப் போயிட்டா உங்க மஞ்சள் அம்பைப் பிடிச்சுக்கிட்டே ஓடிடலாம்.

— இறங்க வேண்டாம் மாமா.

— உங்களுக்குத்தான அந்தக் கரை வேணும்?

— வேணும். ஆனா நடுவுல தண்ணி கருப்பாத் தெரியுது. அது ஆழம்.

— நிழல் மாப்பிள்ளை.

— மேல மேகமே இல்ல, எதோட நிழல்?

— ஆழம் தெரியாம காலை விடக் கூடாதுதான். அதான் குச்சி வச்சிருக்கேன். இதோ பாருங்க, முட்டிதான். இதோ, இன்னும் முட்டிதான்.

— மாமா, நில்லுங்க.

— தொடைதான். ஜில்லுன்னு நல்லா இருக்கு. உங்க அத்தை வீட்டுல பல்பு மாத்தக்கூட ஸ்டூல் மேல ஏற விட மாட்டா. இப்ப வந்து பாக்கச் சொல்லுங்க.

— மாமா, அந்தப் பாறை ஆடுது, அது மேல கால் வைக்காதீங்க.

— ஆடுற பாறையெல்லாம் எனக்கு...

— யோவ், நில்லுய்யா. நில்லுன்னு சொல்றேன்ல. பையை விடு. பையை விட்டுட்டுக் கையைக் குடு. தோசைக்கல்லு போனாப் போகுது, கையைக் குடுய்யா.

— பிடிங்க, பிடிங்க, இழுங்க.

— காலை ஊனுங்க. இங்க மண்ணுதான். ஊனுங்க. அவ்வளவுதான். வந்துட்டீங்க. உட்காருங்க. மூச்சு விடுங்க.

— தோசைக்கல்லு.

— போகட்டும்.

— நல்ல இரும்பு மாப்பிள்ளை.

— போகட்டும்னு சொல்றேன்ல. நீங்க போயிருப்பீங்க. நான் போய் அவகிட்ட என்னன்னு சொல்லியிருப்பேன்? உங்கப்பா ஆழம் பாத்துக்கிட்டு இருந்தாரு, பாத்துட்டாருன்னா?

— நீங்க என்னை என்னமோ சொன்னீங்களே.

— எப்ப?

— தண்ணிக்குள்ள இருக்கும்போது. யோவ்னு.

— மன்னிச்சிடுங்க மாமா. வாய் தவறி வந்துடுச்சு.

— கல்யாணம் ஆனதிலேருந்து இன்னைக்குத்தான் ஒரு சொந்தக்காரன் மாதிரி பேசியிருக்கீங்க. மன்னிப்புக் கேட்டுக் கெடுத்துடாதீங்க.

— அப்ப இன்னும் கொஞ்சம் பேசவா?

— பேசுங்க. சட்டை காயுற வரைக்கும் நான் எங்கயும் போக முடியாது.

— டென்ட் கேவலம். நூடுல்ஸ் அதைவிடக் கேவலம். நீங்க விடுற குறட்டையில ஆத்துச் சத்தமே கேக்கல. நேத்துக் காலையில மரப்பாலத்துக்கிட்ட பெரிய பலகை வச்சு, படகுத்துறைன்னு எழுதி, அம்பு போட்டிருந்துச்சு. பாலத்தைத் தாண்டணும்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். நீங்க அந்தப் பலகைக்குக் கீழ நின்னு ஷூ லேஸ் கட்டிட்டு, எந்திரிச்சு, நேரா முள்ளுக்குள்ள நடந்தீங்க.

— நீங்க பலகையைப் பாத்தீங்களா?

— பாத்தேன்.

— பாத்துட்டும் பின்னாடியே வந்தீங்களா?

— வந்தேன்.

— மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்கின கதையாவாச்சும் ஒரு நியாயம் இருக்கு, அவனுக்குக் குதிரை மண்ணுன்னு தெரியாது. நீங்க தெரிஞ்சே ஏறி உட்கார்ந்திருக்கீங்களே. ஏன்?

— மாமனாரைப் பாத்து, வழி தப்புன்னு எப்படிச் சொல்றது?

— அது நேத்து சொல்ற பதில். யோவ்னு சொன்னதுக்கு அப்புறம் அது செல்லாது.

— பயம் மாமா.

— என்கிட்டயா?

— உங்ககிட்ட என்ன பயம்? துறைக்கிட்ட. அங்க போய்ச் சேந்தா அவ பதில் சொல்லிடுவா. போறேன்னு சொல்லிட்டா அப்புறம் ஒண்ணும் இல்ல. போய்ச் சேராத வரைக்கும் அவ என் பொண்டாட்டிதான். நீங்க தப்பான பக்கம் திரும்பினதும் எனக்கு நெஞ்சுக்குள்ள அப்படி ஒரு நிம்மதி. சரி, இன்னும் கொஞ்ச தூரம் இருக்கலாம்னு நினைச்சேன்.

— முள்ளுக்குள்ள.

— முள்ளுக்குள்ளதான். அவ இல்லாத வீட்டுக்கு முள்ளு எவ்வளவோ மேல். சாவியைப் போட்டுத் திறந்தா உள்ள குளோரின் வாசனை வரலை மாமா. குளத்துலேருந்து வந்து அவ துண்டைக் கதவு மேல போடுவா. அது சொட்டுச் சொட்டா தரையில வடியும். இத்தனை வருஷமா அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்திருக்கேன். ஒரு நாளும் எடுத்துப் போடுன்னு சொன்னதில்ல. இப்பத் தரை காஞ்சு கிடக்கு. அதையும் தாண்டித் தாண்டித்தான் நடக்கிறேன்.

— இருங்க மாப்பிள்ளை, சட்டையைப் பிழிஞ்சுடறேன்.

— நான் சொன்னது கேட்டுச்சா மாமா? பழமொழி தீந்துடுச்சா?

— காதுல தண்ணி போயிருக்கு. சரியா கேக்கல.

— நீங்க ஏன் அந்தப் பக்கம் திரும்பினீங்க? நிஜமாவே பலகையைப் பாக்கலையா?

— லேஸ் கட்டினா லேஸைத்தான் மாப்பிள்ளை பாக்க முடியும். எந்திரிங்க, வெயில் ஏறுது. மெதுவாவே போவோம். அவசரம் இல்ல.

— இருக்கு மாமா. இப்ப எனக்கு அவசரம் இருக்கு. இந்தப் பக்கமாவே வேகமாப் போனா மத்தியானத்துக்குள்ள துறைக்கு எதிர்ல போய் நின்னுடலாம். அப்புறம் படகுக்காரனைக் கூவிக்கலாம். நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடி வாங்க.

— அப்படிப் போடுங்க. நேத்தே இதைச் சொல்லியிருந்தா தோசைக்கல்லாவது மிஞ்சியிருக்கும்.

*

— கொஞ்சம் உட்காரலாமா மாப்பிள்ளை?

— இப்பத்தானே மாமா உட்கார்ந்து எந்திரிச்சோம்.

— அது முட்டி வலிக்கு. இது இடுப்பு வலிக்கு.

— அந்த வளைவு தெரியுது பாருங்க, நாணல் அடர்த்தியா இருக்கே, அதைத் தாண்டினா எதிர்ல துறை. அந்தக் கரையில போனவங்ககிட்ட கூவிக் கேட்டேன், சொன்னாங்க. இன்னைக்கு யாரும் தலையில அடிச்சுக்கல. கவனிச்சீங்களா?

— பழகிட்டாங்க. என்ன பண்றீங்க? பையைத் திறந்து என்ன தேடுறீங்க?

— சட்டை. இஸ்திரி போட்டது. பிளாஸ்டிக் கவர்ல வச்சு எடுத்துட்டு வந்தேன்.

— துறைக்குப் போறீங்களா, பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போறீங்களா?

— காலர் சரியா இருக்கா?

— இருக்கு. தலையிலதான் ஒரு இலை இருக்கு. குனிங்க. ம், எடுத்துட்டேன்.

— மாமா, அவகிட்ட என்ன சொல்லணும்னு வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன். உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாக்கவா? தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?

— என்கிட்ட எதுக்கு? அங்க போய் அப்படியே வர்றதைச் சொல்லுங்க.

— அங்க போனா நாக்கு பழையபடி மடங்கிடும். ஒரு தடவை வெளிய விட்டுப் பழக்கிடறேன். கேளுங்க. "நீ போகாத. போயே ஆகணும்னா சொல்லு, நானும் வர்றேன். கிளினிக்கை மூடிட்டு வர்றேன். அந்த ஊர்லயும் ஜனங்களுக்குப் பல்லு இருக்கும். தனியா மட்டும் போகாத. இது உன் இஷ்டம் இல்ல. என் இஷ்டம்." எப்படி மாமா இருக்கு?

— இன்னொரு தடவை சொல்லுங்க.

— அதிகாரமா இருக்கா? கடைசி வரியை எடுத்துடவா?

— ஒரு வார்த்தையும் எடுக்காதீங்க. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை.

— கண்ணுல என்ன?

— பூச்சி. இருங்க, ஒரு வாய் காபி போட்டுட்டுப் போவோம். அடுப்பு என் பையில இல்ல, உங்க பையிலதான், எடுங்க.

— மாமா, அங்க போய்க் குடிக்கலாம். அவ ஃபிளாஸ்க்ல கொண்டுட்டு வருவா.

— ஒரே வாய். நான் போடுற காபியைக் குடிச்சதில்லையே நீங்க. இது ஒண்ணுதான் எனக்கு ஒழுங்கா வரும். ராத்திரி டியூட்டி பாத்தவன் காபி.

— சரி. ஒரே வாய்.

— உங்களுக்கு அந்த அம்மா கதை சொன்னேனா? லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்களே?

— எந்த அம்மா?

— பெரிய அடுக்குமாடி. ரெண்டு மாடிக்கு நடுவுல பெட்டி நின்னுடுச்சு. உள்ள ஒரு அம்மா, தனியா. நான் போய்ப் பாத்தேன், மேல மோட்டார்ல ஒரு பார்ட் உடைஞ்சிருக்கு. அது கையில இல்ல. அன்னைக்கு லீவு, கிடைக்கவும் கிடைக்காது. எங்க தொழில்ல முதல் பாடம் ரிப்பேர் இல்ல மாப்பிள்ளை. உள்ள ஆள் இருந்தா கதவுக்கு வெளிய ஒருத்தன் நின்னு பேசிக்கிட்டே இருக்கணும். எதையாச்சும். கிண்டல், கதை, வீட்டு நியாயம், ஊர் வம்பு. பேச்சு நின்னுச்சுன்னா உள்ள இருக்கிறவங்களுக்கு இருட்டு தெரிய ஆரம்பிச்சிடும்.

— அப்புறம்?

— நான் பேசினேன். தொண்டை வறண்டு போற வரைக்கும் பேசினேன். அந்த அம்மா உள்ளேருந்து சிரிக்கிறாங்க. "சீக்கிரம் முடிச்சிடுவீங்களா தம்பி"ன்னு கேப்பாங்க. "இதோம்மா, ஆயிட்டே இருக்கு"ம்பேன். கையில இருந்த ஸ்பேனரால கதவை ரெண்டு தட்டுத் தட்டுவேன், வேலை நடக்கிற மாதிரி.

— நடக்கலையா?

— என்னத்தை நடக்கிறது? பார்ட்டே இல்ல. வராதுன்னும் எனக்குத் தெரியும். அதை எப்படிக் கதவு வழியா சொல்றது?

— எப்படித்தான் வெளிய வந்தாங்க?

— வேற ஆளுங்க வந்து கதவை அறுத்தாங்க. வெளிய வந்ததும் என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. சர்க்கரை ஒரு ஸ்பூன் போதுமா?

— மாமா.

— ரெண்டு போடவா?

— நேத்துக் காலையிலேருந்து நீங்க பேச்சை நிறுத்தவே இல்ல.

— எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். உங்க அத்தையைக் கேட்டுப் பாருங்க.

— பலகையைப் பாத்துட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பினீங்களா?

— காபி பொங்குது, அந்தத் துணியை எடுங்க.

— பொங்கட்டும். துறையில யாரு மாமா நிக்கிறா?

— உட்காருங்க மாப்பிள்ளை. சட்டை அழுக்காயிடும், பாத்து உட்காருங்க.

— யாரு நிக்கிறா?

— யாரும் இல்ல மாப்பிள்ளை. பாப்பாவை அந்த ஊருக்கு ரயில் ஏத்தி விட்டுட்டு, அன்னைக்கு ஸ்டேஷன்லேருந்து நேரா உங்க வீட்டுக்குத்தான் வந்தேன்.